என் கல்யாணத்துத் தண்ணீர்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸாக இருந்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு முந்திரிக்காட்டு வழியாகச் சைக்கிள் மிதிக்கிற வேலை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. மாப்பிள்ளைக்குச் செட்டிகுளம். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வேலைய விட வேணாங்க."

அந்த வார்த்தையை நினைத்து நினைத்தே எனக்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விக்கிரமங்கலம் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிய அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

விக்கிரமங்கலத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். ஊரில் இரண்டே தெருக்கள். எங்கள் வீடு மேட்டுத்தெருவில். சரிவில் இறங்கினால் கீழத்தெரு, அதைத் தாண்டிக் கோயிலும் கல்யாண மண்டபமும். நான் போன நேரம் வீடு நிரம்பிக் கிடந்தது. சேலத்திலிருந்து பெரியம்மா குடும்பம் வந்திருந்தது. அவர்களுடைய மருமகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். வாசலில் பந்தல்காரர்கள் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஒரு பித்தளை அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எதிரில் வந்து, "கல்யாணப் பொண்ணு வந்தாச்சு, இனிமே எல்லாரும் ஓடி ஓடி வேல பாருங்க," என்றார். அவருடைய குரல் அண்டாவுக்குள்ளிருந்து கோயில் மணி மாதிரி வந்தது.

மேட்டுத்தெருவில் கோடையில் குழாய்த் தண்ணீர் ஏறாது. தரைக்கு மேலே இருக்கிற குழாயில் காற்றுதான் வரும். அதனால் எல்லோரும் வாசலில் குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி வைத்திருப்போம். குழிக்குள் இறங்கி நின்றால் தண்ணீர் சுண்டுவிரல் பருமனுக்கு வரும். கல்யாணத்துக்காக அப்பா எங்கள் வீட்டுக் குழியை இன்னும் ஆழமாக வெட்டியிருந்தார். உள்ளே இறங்கப் படிகூட வைத்திருந்தார்.

"பாரு, வீட்டுக்கு இவ்ளோ பேரு வந்தும் தண்ணிக்குப் பஞ்சமில்ல," என்று காட்டினார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

மறுநாள் காலை எனக்கு நலங்கு வைத்தார்கள். முகம், கை, கால் எல்லாம் மஞ்சள். நலங்கு வைத்த பெண் வாசற்படி தாண்டக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பகலில், கொல்லைப்பக்கம் கீழத்தெருப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். உள்ளே வரத் தயங்கினாள்.

"கல்யாண வூட்ல வந்து இதச் சொல்லக் கூடாதுதான். எங்க வூட்டுக்காரருக்குக் காலையிலேந்து வவுத்தால போவுது. தண்ணி தண்ணியா போவுது. எழுந்து நிக்க முடியல. நீ வந்து ஒரு எட்டுப் பாக்குறியா?"

நான் செருப்பைத் தேடினேன். அம்மா கையைப் பிடித்தாள்.

"மஞ்சளோட போவாத. நம்ம ஊரு நர்ஸுக்கு ஆள் அனுப்பலாம்."

"அவங்க வர சாயங்காலம் ஆயிடும்மா. நான் பாத்துட்டு உடனே வந்துடறேன்."

அந்த மனிதரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கண் உள்ளே போயிருந்தது. கையில் தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே நின்றது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் என் பையில் எப்போதும் இருக்கும். கரைத்துக் கொடுத்தேன், குடித்ததும் வாந்தி எடுத்தார். இனி குளுக்கோஸ் ஏற்றினால்தான் உண்டு என்று பக்கத்து வீட்டுப் பையனுடைய வண்டியில் அவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் அவருடைய மச்சானை ஏற்றி அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வண்டி போனதும் எதிர் வீட்டிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். அவருடைய பேத்திக்கும் அதே நிலைமை. அப்புறம் இன்னொரு வீடு. மஞ்சள் பூசிய கையால் தெரு நெடுகக் கரைசல் கலக்கிக் கொடுத்துக்கொண்டு போனேன். எல்லாம் கீழத்தெரு. மேட்டுத்தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சேலத்துக் கைக்குழந்தையைத் தவிர. அதற்கு வந்ததிலிருந்தே வயிற்றால் போய்க்கொண்டிருந்தது; பயண அலுப்பு, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தோம்.

கீழத்தெருக் குழாய்களைப் போய்ப் பார்த்தேன். சிமென்ட் மேடை, தரையிலிருந்து நல்ல உயரம், சுற்றிலும் ஈரம்கூட இல்லை. தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி போல இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பான இடத்தில் தேடுகிறோம் என்று மட்டும் உள்ளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

யோசித்துக்கொண்டே மேடேறி வீட்டுக்கு வந்தேன். எங்கள் குழிக்குள் பெரியம்மாவின் மருமகள் இறங்கி நின்று குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அலசிய தண்ணீர் குழியிலேயே தேங்கி, குழாயின் வாய் வரைக்கும் நின்றது. அந்த நேரம் பார்த்து ஊர்த் தண்ணீர் டேங்க்கை மூடிவிட்டார்கள் போல, குழாயில் வந்த தண்ணீர் மெலிந்து நின்றது. நின்றதும் குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இளநீரின் கடைசி மடக்கை உறிஞ்சுகிற சத்தம். தேங்கிய தண்ணீர் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது.

நலங்குத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி அடுத்த வீட்டுக் குழியில் இறங்கினேன். அங்கே தண்ணீர் தேங்கவில்லை. குழாய் வாய் காலியாக இருந்தது. வெற்றிலையை அதன் அருகில் கொண்டுபோனேன். இலை என் கையிலிருந்து பறிபோய்க் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"அப்பா, இங்க வாங்க," என்று கத்தினேன். பந்தல்காரர்களும் சேர்ந்து ஓடிவந்தார்கள்.

"டேங்க நிறுத்தினதும் குழாய்ல இருக்கிற தண்ணி பூரா கீழத்தெருவுக்கு இறங்குதுப்பா. இறங்கறப்ப மேல இருக்கிற குழியிலேந்து உறிஞ்சிக்கிட்டு இறங்குது. நம்ம குழித் தண்ணியத்தான் அவங்க குடிக்கிறாங்க."

அப்பா என் கையிலிருந்த வெற்றிலையை வாங்கி அவரே வைத்துப் பார்த்தார். அது மறுபடியும் ஒட்டியது. தெருவில் எல்லா வீட்டுக் குழிகளும் அப்படித்தான் உறிஞ்சின. ஆனால் குழந்தைத் துணி அலசியது எங்கள் குழியில்தான். ஆழமான குழியும் எங்களுடையதுதான். அது அவருக்கு நான் சொல்லாமலே புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மண்வெட்டியை எடுத்துவந்து, தான் வெட்டிய படியைத் தானே இடித்துக் குழியை மூட ஆரம்பித்தார்.

நான் சொல்லி அனுப்பிய சேதி கேட்டு, சாயங்காலம் எங்கள் ஊர்ப் பகுதி சுகாதார ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். பின்னால் பிளீச்சிங் பவுடர் மூட்டை. நான் வெற்றிலையை வைத்துக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, இத எல்லாருக்கும் காட்டணும்," என்று மேட்டுத்தெருவில் வீடு வீடாகப் போய் ஒட்டிக் காட்டினார். வாதாட வந்தவர்கள் இலை ஒட்டுவதைப் பார்த்ததும் மண்வெட்டி தேடப் போனார்கள். மேட்டுத்தெருவுக்குப் போகிற வால்வை அடைத்தோம். டேங்கைக் காலி செய்து தேய்த்துக் கழுவ ஆள் ஏற்பாடு செய்தோம்.

"குழாய் பூரா மருந்துத் தண்ணி ஓடி, கடைசிக் குழாய்ல பாத்து சரியா இருந்தாத்தான் நான் குடிக்கலாம்னு சொல்லுவேன்," என்றார் ஆய்வாளர். "கல்யாணம் எப்ப?"

"நாளைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு சார்."

"கடைசிக் குழாய் எது?"

"மண்டபத்துக் குழாய்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பாப்பா, மாப்பிள்ளை வூட்டுக்கு இந்த விஷயம் போவக் கூடாது. ஊர்ல பேதின்னு கேட்டா சகுனம் சரியில்லம்பாங்க. நாம தண்ணிய மட்டும் வேற எடத்துலேந்து கொண்டாந்துக்கலாம்."

"வேனை விட்டு எறங்குறவங்க நேரா குழாயடிக்குத்தான போவாங்க. நம்மள கேட்டுக்கிட்டா குடிப்பாங்க?"

அப்பா கை கழுவ எழுந்து போனார்.

காலையில் ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு விக்கிரமங்கலம் போனேன். பஸ் நிறுத்தத்தில் ஓர் எஸ்.டி.டி. பூத். மாப்பிள்ளை வீட்டில் போன் கிடையாது; பக்கத்து உரக்கடை நம்பர் கல்யாணப் பத்திரிகைக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. கூப்பிட்டு, யாரென்று சொல்லாமல், பூத் நம்பரைக் கொடுத்து அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்வை ஊற்றியது. இதயம் அடித்த அடியில் எனக்கே மருந்து தேவைப்படும் போல இருந்தது. மணி அடித்தது.

"யாருங்க?"

"நான்தாங்க." வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கல்யாணப் பொண்ணு."

அந்தப் பக்கம் ரிசீவர் எதிலோ இடிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்க," என்றார். குரல் நடுங்கியது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருக்கிறார். பின்னாளில் சொன்னார்.

நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வயிற்றுப்போக்கு, கீழத்தெரு, குழி, குழந்தைத் துணி, வெற்றிலை. எதிர்காலக் கணவரிடம் ஒரு பெண் முதன்முதலாகப் பேசுகிற பேச்சா அது? பூத்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மாப்பிள்ளை கேட்டார்.

"இலை ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சுங்க. இழுத்துத்தான் எடுத்தேன்."

"எங்க தெருவுலயும் குழிதாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப நான் என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வேனில் கிளம்பும்போதே காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் குடங்களில் எடுத்து வர வேண்டும், இங்கே இறங்கினால் நாங்கள் கொடுப்பதைத் தவிர ஒருவரும் எதையும் குடிக்கக் கூடாது என்றேன்.

"வேன்ல வர்றவங்கள நான் பாத்துக்கறேன். அம்மாகிட்டயும் பக்குவமா சொல்லிடறேன்," என்றார். போனை வைக்கும் முன், "தைரியமா இருங்க," என்றார். வீட்டுக்குத் திரும்பியபோது ரவிக்கையை வாங்க மறந்துவிட்டது தெரிந்தது. மறுபடியும் போய் வாங்கி வந்தேன்.

பகல் முழுவதும் மண்டபத்தில் ஓட்டம். அப்பா யாருடைய வயலிலோ கெஞ்சி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை டிராக்டர் டேங்க்கரில் கொண்டுவந்தார். அதிலும் ஆய்வாளர் மருந்து கலந்தார். குடிக்கிற தண்ணீரைப் பெரிய அண்டாக்களில் சீரகம் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்தோம். இலை கழுவ, கை கழுவக்கூட டேங்க்கர் தண்ணீர்தான். மண்டபத்துக் குழாயின் திருகைச் சாக்கால் சுற்றிக் கட்டினேன். அம்மா என்னைத் திட்டுவதை விட்டுவிட்டு விறகு எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் என்னை அலங்கரித்து மண்டபத்து அறையில் உட்கார வைத்தார்கள். தலையில் அவ்வளவு பூ, கழுத்து நிமிர்த்த முடியவில்லை. மேளச் சத்தம் கேட்டது. வேன் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். வேனிலிருந்து மாப்பிள்ளையின் ஆட்கள் வெயிலில் வாடிப்போய் இறங்கினார்கள். வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். அவர் முன்னால் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். அது நிறைய ஆரஞ்சு ஜூஸ், மேலே ஐஸ் கட்டிகள் மிதந்தன. யாருக்கும் சொல்லாமல் ஜெயங்கொண்டம் போய் ஐஸ் பார் வாங்கி வந்து, எல்லோரையும் அசத்த வேண்டும் என்று செய்திருக்கிறார். குழாயைப் பார்த்தேன். சுற்றியிருந்த சாக்கு அவிழ்ந்து கீழே கிடந்தது.

யாரையாவது கூப்பிட்டுச் சொல்லி அனுப்ப நேரமில்லை. சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். முதல் டம்ளர் என் மாமியார் கையில் இருந்தது. உதட்டருகே கொண்டுபோய்விட்டார்.

"அத்தை, அதக் குடிக்காதீங்க."

அவர் டம்ளரோடு அப்படியே நின்றார். நான் சித்தப்பா பக்கம் திரும்பினேன்.

"எந்தத் தண்ணி சித்தப்பா?"

"குழாய்த் தண்ணிதான். ஐஸ் போட்டுருக்கேன்ல, அந்தக் குளுருக்குப் பூச்சி எல்லாம் வெறைச்சுப் போயிடும்."

"பூச்சிக்குக் குளுராது சித்தப்பா." டிரம்மைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. அப்போது இன்னொரு ஜோடிக் கை வந்து டிரம்மின் மறுபக்கத்தைப் பிடித்தது. பட்டுவேட்டி, கழுத்தில் மாலை. நாங்கள் இருவரும் சேர்ந்து அதைக் கவிழ்த்தோம். ஆரஞ்சு நிறத் தண்ணீர் ஐஸோடு மண்டப வாசல் முழுக்க ஓடியது. கூட்டம் செருப்பைத் தூக்கிக்கொண்டு விலகியது.

மாமியார் மெதுவாக டம்ளரைக் கீழே வைத்தார். "என்னா நடக்குது இங்க?"

அப்பா கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார். அவர் வாய் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன். ஊரில் வயிற்றுப்போக்கு இருக்கிறது, தண்ணீரால் வந்தது, எங்கள் வீட்டுக் குழியும் ஒரு காரணம், உள்ளே காய்ச்சிய தண்ணீர் இருக்கிறது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாமியார் முகம் சிவந்தது.

"இத முன்னாடியே சொல்ல வேணாமா? நாங்க என்னா அன்னியமா?"

"சொல்லிட்டாங்கம்மா," என்றார் மாப்பிள்ளை. "காலையில எனக்கு போன் பண்ணிச் சொன்னாங்க. அதுக்குத்தான் குடத்துல வெந்நீர் வச்சு எடுத்தாந்தேன். உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன்."

மாமியார் மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேதி, குழி, ஜூஸ் எல்லாம் அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டீங்களா?"

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். அப்புறம் கூட்டம் முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டு, தப்போ என்று வாயை மூடிக்கொண்டார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து நழுவியிருந்த பூச்சரத்தைச் சரி செய்தார்.

"அந்தச் சீரகத் தண்ணி எங்க இருக்கு, கொண்டா. தொண்டை காயுது," என்றார். வெதுவெதுப்பாக இருந்த அதை முழுசாகக் குடித்துவிட்டு, தன் ஊர் ஆட்களைப் பார்த்து, "எல்லாரும் இதத்தான் குடிக்கணும், ஆமா," என்றார். அதற்குப் பிறகு யார் மறுப்பது? சித்தப்பாவைத்தான் சமாதானப்படுத்த முடியவில்லை. கவிழ்ந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையே அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் முகூர்த்தம். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால், வாசல் குழாயருகே ஆய்வாளர் குனிந்திருப்பது தெரிந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, அவர் கொண்டுவந்த சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கினார். தண்ணீரில் குளோரின் இருந்தால் அது மஞ்சளாக மாறும். அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மஞ்சள். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற போட்டோவில் நான் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, அக்கினியையும் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் காரணம் கேட்பார்கள்.

செட்டிகுளம் போன பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. வயிற்றுப்போக்கு உடனே வந்துவிட வேண்டும் என்று இல்லை. சில நாள் கழித்தும் வரலாம். அதை அவரிடம் சொன்னேன். அவ்வளவுதான். புது மாப்பிள்ளை தினமும் காலையில் எழுந்து, வேனில் வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "வவுறு எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தார். கல்யாணத்தில் போட்ட சாப்பாட்டின் மேல் அவருக்கே சந்தேகம் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. ஒரு பெரியவர் மட்டும் தனக்கு ஏதோ செய்கிறது என்றார். இரண்டு பேரும் மூச்சிரைக்க ஓடினோம். முதல் நாள் பலாப்பழம் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார். வேறு ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் இருந்தவர் எழுந்து நடமாடுகிறார், சேலத்துக் குழந்தையும் தேறிவிட்டது, கீழத்தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை என்று அப்பா உரக்கடைக்குப் போன் செய்து சொன்னார். அதோடு நிறுத்தாமல், மேட்டுத்தெருவுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி கேட்டு ஊராட்சியில் மனு கொடுத்திருப்பதையும், முதல் கையெழுத்து தன்னுடையது என்பதையும் சத்தம் போட்டுச் சொன்னார்.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் கணவர் உரக்கடை வாசலில், அந்தத் தெருக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு வெற்றிலையைக் கையில் வைத்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பாதிதான் சரியாகச் சொன்னார். மீதியைச் சொல்ல நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.